ஆயிரம் ஆமைகள், இரண்டு லட்சம் குஞ்சுகள்: உயிர்களின் எண்ணிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் காலை நடைக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கிக் கிடந்தன. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிய உடல்கள். சில வாரங்களுக்குள் சென்னையையும் அக்கம்பக்கத்துக் கரைகளையும் சேர்த்து எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. முட்டையிடுவதற்காகக் கரையோரம் கூடுகிற பருவம் அது. படகுகள் இழுத்துச் செல்கிற பெரிய மீன்வலைகளான இழுவை மடிகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்தவையே பெரும்பாலானவை. கடலில் வாழ்ந்தாலும் ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024-ல், தமிழகக் கரை நெடுக முட்டைகளைச் சேகரித்துப் பொறிப்பகங்களில் வைத்துக் காப்பாற்றி, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான குஞ்சுகளைக் கடலில் விட்டிருந்தார்கள். வனத்துறைப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் மணலில் நடந்து செய்த வேலை.

சரி, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆயிரம் சாவு, மறுபக்கம் இரண்டு லட்சம் பிறப்பு. வெறும் கூட்டல் கழித்தலாகப் பார்த்தால் ஆமைகளுக்குப் பெரிய லாபம் என்று தோன்றும். அந்தக் கணக்கு ஏன் தவறு என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு இனக்கூட்டச் சூழலியல் என்ற துறையின் அடிப்படைகள் கொஞ்சம் தெரிய வேண்டும். பெயர்தான் கனமாக இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்கும் பொறுமையான கவனிப்பும்தான்.

ஏரிக்கு வரத்தும் போக்கும்

ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள், ஒரே காலத்தில், ஒரு பரப்பில் வாழ்ந்து, தங்களுக்குள் இணைசேர வாய்ப்பும் இருந்தால் அந்தத் தொகுதிதான் இனக்கூட்டம். முதுமலையில் வாழும் புள்ளிமான்கள் ஓர் இனக்கூட்டம். முதுமலையில் வாழும் விலங்குகள் என்று மொத்தமாகச் சொன்னால் அது வேறு. அதில் பல இனக்கூட்டங்கள் இருக்கின்றன.

எல்லையை எங்கே போடுவது என்பதுதான் முதல் சிக்கல். ஒரு குளத்துக் கெண்டை மீனுக்குக் கரைதான் எல்லை, சந்தேகமே இல்லை. கடலாமைக்கு? ஒடிசாவில் அடையாளப் பட்டை மாட்டி விடப்பட்ட ஆமைகள் தமிழகத்திலும் இலங்கைக் கடலிலும் கிடைத்திருக்கின்றன. ஆகவே சென்னையில் செத்த ஆமையைச் சென்னையின் இழப்பாக மட்டும் பார்க்க முடியாது. கிழக்குக் கடலோரம் முழுவதும் அலைகிற ஒரு பெரிய கூட்டத்தின் இழப்பு அது.

இனக்கூட்டத்தை ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குத் தண்ணீர் மழையாக நேரடியாகவும் வரும், வரத்துக் கால்வாய் வழியாகவும் வரும். போவது மதகு வழியாகவும் கலங்கல் வழியாகவும். இனக்கூட்டத்துக்கும் இப்படி நான்கு வழிகள்தான். பிறப்பும் வெளியிலிருந்து வந்து சேர்வதும் எண்ணிக்கையைக் கூட்டும். இறப்பும் வெளியேறிப் போவதும் குறைக்கும். எந்த உயிரினத்தின் எண்ணிக்கை மாறினாலும் இந்த நான்கில் ஒன்றோ பலவோ மாறியிருக்கிறது என்று பொருள். ஐந்தாவது வழி கிடையாது.

இந்த உவமையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏரி தளும்பி நிற்கிறது என்பதை வைத்து வரத்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கால்வாய் தூர்ந்துபோய் ஆறு மாதம் ஆகியிருக்கலாம். தண்ணீர் மட்டம் இன்றைய நிலையைச் சொல்லும். கால்வாயைப் போய்ப் பார்த்தால்தான் நாளைய நிலை தெரியும். உயிர்களுக்கும் அப்படியே. "எத்தனை இருக்கின்றன?" என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் பாதி உண்மைதான் கைக்கு வரும்.

எண்ணுவது அவ்வளவு சுலபமா?

ஆனாலும் எண்ணத்தான் வேண்டும். மரங்களை எண்ணுவது எளிது, அவை ஓடாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு அதற்குள் இருக்கிற செடிகளை எண்ணி, அப்படிப் பல சதுரங்களில் பார்த்து, மொத்தப் பரப்புக்குப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்பதை அடர்த்தி என்பார்கள்.

ஓடுகிறவற்றுக்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. ஒரு குளத்தில் வலை போட்டு 50 மீன்களைப் பிடிக்கிறீர்கள். துடுப்பில் சிறு அடையாளம் வைத்து மீண்டும் குளத்திலேயே விடுகிறீர்கள். அவை மற்றவற்றோடு கலக்கச் சில நாள் விட்டுவிட்டு, அப்புறம் மறுபடி வலை போட்டால் 40 மீன் கிடைக்கிறது. அதில் 10 மீன் அடையாளம் உள்ளவை. அதாவது இரண்டாவது பிடியில் நாலில் ஒன்று நீங்கள் அடையாளம் வைத்தது. குளத்திலும் அதே விகிதம்தான் இருக்கும் என்றால், 50 என்பது மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு. ஆகவே குளத்தில் சுமார் 200 மீன். தண்ணீரை இறைக்காமலே எண்ணியாகிவிட்டது.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அடையாளம் விழுந்துவிடக் கூடாது. அடையாளம் வைத்த மீன் வலையைக் கண்டு பயந்து ஒதுங்கக் கூடாது. இடையில் பெரிய அளவில் பிறப்போ இறப்போ நடந்திருக்கக் கூடாது. புலிகளுக்கு இந்த முறையே வேறு உருவத்தில் பயன்படுகிறது. எந்த இரண்டு புலிக்கும் வரிகள் ஒன்றுபோல இருக்காது என்பதால் நாம் அடையாளம் வைக்கத் தேவையில்லை. காட்டில் கேமராவைக் கட்டிவைத்து, வரியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் குறைந்தது 3,167 புலிகள் என்றும் சராசரி மதிப்பீடு 3,682 என்றும் இரண்டு எண்கள் வந்ததற்கு இதுதான் காரணம். கேமராவில் விழாத புலிகளும் இருக்கும் என்பதைக் கணக்கு ஒப்புக்கொள்கிறது.

இதற்கு முன் கால்தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் 2004-ல் பதினைந்துக்கு மேற்பட்ட புலிகள் இருப்பதாக ஏட்டில் இருந்தது. ஆண்டு திரும்புவதற்குள் அங்கே ஒரு புலிகூட இல்லை என்பது அம்பலமானது. எல்லாம் வேட்டையில் போயிருந்தன. தவறான எண் வெறும் தவறோடு நிற்பதில்லை. புலி இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்ததால் அதைக் காப்பாற்ற வேண்டிய நேரம் கைநழுவிப் போனது. 2008-ல் ரந்தம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் சரிஸ்காவில் மறுபடி புலி உறுமியது.

நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் 2024-ல் ஒரே நேரத்தில் எல்லா வாழிடங்களிலும் நடத்திய கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள். 2025-ல் 1,303. கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வரையாடு ஓர் ஈற்றுக்குப் பொதுவாக ஒரே குட்டிதான் போடும். அதிலும் பல குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டாது. ஒரே ஆண்டில் இவ்வளவு பெருகியிருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது முறை முந்தைய ஆண்டைவிடக் கூடுதல் பகுதிகளில் ஏறிப் பார்த்தார்கள். கூடுதலாகக் கிடைத்தவற்றில் ஒரு பங்கு புதிதாகப் பிறந்தவை, ஒரு பங்கு புதிதாகக் கண்ணில் பட்டவை. இப்படிப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் செய்தித்தாளில் வருகிற எந்த விலங்குக் கணக்கையும் நீங்களே எடைபோடலாம்.

வட்டிக்கு வட்டி போடும் உயிர்கள்

இனி வளர்ச்சி. உணவுக்கும் இடத்துக்கும் குறைவே இல்லாத ஓர் இடத்தில் சில உயிர்களை விட்டால் என்ன ஆகும்? குட்டி போடும், குட்டியும் குட்டி போடும். கந்துவட்டிக் கடன் ஏறுவதுபோல ஏறும். முதலில் மெதுவாகத் தெரியும், அப்புறம் கட்டுக்கு அடங்காது. இதைப் பெருக்கு வளர்ச்சி என்று சொல்லலாம்.

இதைத் திறந்தவெளியில் அப்படியே காட்டிய ஒரு தீவு இருக்கிறது. அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில், மனிதர் குடியில்லாத செயின்ட் மேத்யூ தீவு. பரப்பு ஏறக்குறைய 330 சதுர கிலோமீட்டர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே ஒரு சிறு நிலையம் வைத்திருந்தது. அவசரத்துக்கு இறைச்சி வேண்டுமே என்று 1944-ல் 29 பனிமான்களை (ரெயின்டீர்) கொண்டுபோய் விட்டார்கள். போர் முடிந்தது, ஆட்கள் திரும்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன.

அவற்றுக்கு அங்கே ஓநாயும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. குளிர்காலத்துக்குப் பாறையிலும் தரையிலும் மெத்தைபோலப் படர்ந்த லைக்கன் இருந்தது. நம் வீட்டுக் கறிமசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் லைக்கன் வகைதான். டேவிட் க்ளைன் என்ற உயிரியலாளர் 1957-ல் போய் எண்ணியபோது 1,350 மான்கள். வளர்ப்பு மந்தைகளில் இருக்கிற மான்களைவிட நன்றாகக் கொழுத்திருந்தன. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் பெருகியிருந்தன. 1963-ல் மறுபடி போனபோது 6,000. ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பதினெட்டு.

ஆனால் அந்த 6,000-க்குள்ளேயே எச்சரிக்கை இருந்தது. 1957-ஐவிடப் பெண் மான்களின் எடை 38 விழுக்காடும் ஆண் மான்களின் எடை 43 விழுக்காடும் குறைந்திருந்தது. 1957-ல் நூறு பெண் மானுக்கு 75 குட்டிகள் இருந்தன, 1963-ல் 60. ஒரு வயதைத் தாண்டிய இளசுகள் நூற்றுக்கு 45 என்பதிலிருந்து 26-க்கு இறங்கியிருந்தன. தரையில் லைக்கன் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. ஏரி தளும்பியது, வரத்து குறைந்துகொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலம் கடுமையான பனி. 1966-ல் க்ளைன் திரும்பிப் போனபோது தீவு முழுக்க எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்தவை 42. அதில் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் பெண். அந்த ஒற்றை ஆணும் இனம் பெருக்கும் நிலையில் இல்லை. சில பத்தாண்டுகளில் மிச்சமும் போய், தீவில் பனிமானே இல்லாமல் ஆயிற்று. ஆண்-பெண் விகிதம் ஏன் தனியாகக் கவனிக்கப்பட வேண்டிய ஒன்று என்பதற்கு இதைவிடத் துயரமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 42 என்ற எண்ணுக்கு உண்மையில் பூச்சியத்தின் மதிப்புதான் இருந்தது.

ஓர் இடம் தன்னைக் கெடுத்துக்கொள்ளாமல் நீண்ட காலத்துக்கு எத்தனை உயிர்களைத் தாங்குமோ அதைத் தாங்குதிறன் என்கிறோம். 1838-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்ஹுல்ஸ்ட் என்ற கணிதவியலாளர் இதைச் சமன்பாடாக எழுதினார். இடம் நிறைய நிறைய வளர்ச்சி வேகம் குறையும், தாங்குதிறனை எட்டும்போது நின்றுவிடும் என்பதுதான் அதன் சாரம். வரைபடமாகப் போட்டால் முதலில் மெல்ல எழுந்து, நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே போய்ச் சமமாகப் படுத்துவிடும். பல உயிரினங்கள் தோராயமாக இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பனிமான்கள் ஏன் அப்படி மெதுவாக நிற்கவில்லை? லைக்கன் ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். மான்கள் தின்றது அந்த ஆண்டின் விளைச்சலை அல்ல. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த இருப்பை. வட்டியில் வாழ்வதாகத் தோன்றியது, உண்மையில் முதல் தொகையையே தின்றுகொண்டிருந்தன. முதல் கரைந்தபோது தாங்குதிறனே கீழே விழுந்துவிட்டது. தாங்குதிறன் பாறையில் செதுக்கிய எண் இல்லை என்பதை இங்கே பார்க்கலாம்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிற காரணிகளில் இரண்டு விதம் உண்டு. பசி, தொற்றுநோய், இடத்துக்கான சண்டை இவையெல்லாம் கூட்டம் நெருங்க நெருங்கக் கடுமையாகும். அடர்த்தியைப் பொறுத்தவை. புயல், காட்டுத்தீ, கடும்பனி போன்றவற்றுக்கு அங்கே நூறு இருக்கிறதா பத்தாயிரம் இருக்கிறதா என்ற வேறுபாடு கிடையாது. செயின்ட் மேத்யூவில் இரண்டும் கைகோத்தன. பனி எந்த ஆண்டும் வரலாம். நல்ல கொழுப்போடு இருந்த மான்கள் முந்தைய குளிர்காலங்களைத் தாங்கின, இளைத்துப்போனவை தாங்கவில்லை.

யார் செத்தார்கள் என்பதே கேள்வி

இதுவரை எல்லா உயிரையும் ஒன்று ஒன்றாக எண்ணினோம். ஆனால் ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம் இல்லை.

கொசு சில வாரங்களே வாழும், ஒரு தடவைக்கு நூறு இருநூறு முட்டை இடும். யானை ஏறக்குறைய 22 மாதம் வயிற்றில் சுமந்து ஒரு கன்று போடும், அதைப் பல ஆண்டு கூடவே வைத்து வளர்க்கும். கொசுக் கூட்டத்தில் பாதி செத்தாலும் ஒரு மழைக்குப் பிறகு பழைய நிலை திரும்பிவிடும். யானைக் கூட்டத்தில் பாதி செத்தால் தலைமுறைகள் ஆகும். நிறையப் பெற்று விதியிடம் விட்டுவிடுவது ஒரு வழி; கொஞ்சமாகப் பெற்றுக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. பெரும்பாலான உயிர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

இந்த இரண்டாம் வகையில் நம் நாடு கண்ட பெரிய இழப்பு பாறு கழுகுகள். வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக இருந்த பெரிய இரைக்கொல்லிப் பறவைகளில் ஒன்று என்று கருதப்பட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-ல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது; 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

என்னை உலுக்கிய விவரம் இதுதான். எல்லா மாட்டிலும் மருந்து இருந்திருக்கத் தேவையில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் உயிர்கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சி வந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஏன்? பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். குஞ்சு வளர்ந்து இணைசேர ஐந்து ஆண்டு போல ஆகும். அப்படி மெதுவாகப் பெருகுகிற ஒரு பறவையினம் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் வளர்ந்த பறவைகள் ஆண்டுதோறும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்க வேண்டும். அது கொஞ்சம் இறங்கினாலும் ஈடுகட்டப் பிறப்புக் கணக்கில் இடம் இல்லை. மேலும் ஒரே சடலத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் சேர்ந்து உண்ணும். ஒரு சடலம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். இன்று தமிழகத்தில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் பாறுகள் கூடு கட்டுகின்றன.

வயதுக்கு வயது எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதைக் கோடாகப் போட்டால் உயிரினத்துக்கு உயிரினம் வடிவம் மாறும். யானைக்கும் மனிதருக்கும் கோடு நெடுந்தூரம் மேலேயே போய் முதுமையில் சரியும். பல சிறு பறவைகளுக்கு எல்லா வயதிலும் ஒரே சீராக இறங்கும். மீனுக்கும் கடலாமைக்கும் பிறந்த உடனே அதலபாதாளத்தில் விழுந்து, அதைத் தாண்டிப் பிழைத்த சிலருக்கு மட்டும் நெடுநாள் நீளும்.

இப்போது சென்னைக் கரைக்குத் திரும்பலாம். பங்குனி ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். நாய், நரி, நண்டு, காகம், கடலில் மீன்கள் என்று வழியெல்லாம் ஆபத்து. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் முட்டையிடும் வயதை எட்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் உத்தேசம். துல்லியமாக அளந்த எண் இல்லை, ஆனால் அளவு புரிவதற்குப் போதும். அப்படியானால் இரண்டு லட்சம் குஞ்சு என்பது எதிர்காலத்தில் 200 வளர்ந்த ஆமை. தாராளமாக ஐந்நூறில் ஒன்று பிழைக்கும் என்று வைத்தாலும் 400. அதுவும் பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு.

அந்த ஜனவரியில் செத்த ஆயிரத்தில் பெரும்பாலானவை, இந்த எல்லா ஆபத்துகளையும் ஏற்கெனவே தாண்டி வந்த வளர்ந்த ஆமைகள். இன்னும் பல ஆண்டு முட்டையிட்டிருக்கக் கூடியவை. இன்றிலிருந்து ஓர் உயிர் இன்னும் எத்தனை வாரிசுகளைத் தரும் என்பதை அதன் இனப்பெருக்க மதிப்பு என்பார்கள். குஞ்சுக்கு அது மிகக் குறைவு, வளர்ந்த பெண் ஆமைக்கு மிக அதிகம். ஒரு பருவம் முழுவதும் தூக்கம் கெட்டுச் செய்த வேலையைப்போல் பல மடங்கு, சில வாரத்தில் அழிந்துபோனது.

இது வெறும் மனக்கணக்கு இல்லை. 1987-ல் க்ரௌஸ், க்ரௌடர், காஸ்வெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள பெருந்தலை ஆமைகளை வைத்து இதை விரிவாகக் கணக்கிட்டார்கள். அதுவரை பாதுகாப்பு முயற்சியெல்லாம் முட்டையையும் கரையையும் சுற்றியே இருந்தது. அவர்கள் கணக்குப்படி, ஒரு முட்டைகூடச் சேதமாகாமல் நூற்றுக்கு நூறு பிழைத்தாலும் அந்த இனக்கூட்டம் தொடர்ந்து சரியும். வளரும் பருவத்துப் பெரிய ஆமைகளின் பிழைப்பு வீதத்தைச் சுமார் 68 விழுக்காட்டிலிருந்து 77-க்கு உயர்த்தினாலே சரிவு நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் இறால் மடிகளில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்துவதற்கு அறிவியல் பலம் கிடைத்தது. கருவி என்றால் பெரிய இயந்திரம் எல்லாம் இல்லை. மடிக்குள் ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து உள்ளே போகும், ஆமை முட்டி நின்று, பக்கத்தில் திறந்துகொள்ளும் வழியாக வெளியேறும். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற வடிவத்தையும் உருவாக்கியிருக்கிறது.

அப்படியானால் பொறிப்பகம் வீண்வேலையா? இல்லவே இல்லை. விளக்கு வெளிச்சத்தால் குஞ்சுகள் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடுகிற நகரக் கரையில் முட்டையை அப்படியே விட்டால் வரத்து அடியோடு நின்றுவிடும். பொறிப்பகம் கால்வாயைத் திறந்து வைக்கிறது. மதகு உடைந்திருந்தால் அதைக் கால்வாயால் ஈடுகட்ட முடியாது, அவ்வளவுதான்.

தாமதமாகத் தெரியும் விளைவு

வயதுக் கலவைக்கு இன்னொரு குணம் உண்டு: விளைவைத் தள்ளிப்போடும். தமிழ்நாட்டு மக்கள்தொகையையே எடுத்துக்கொள்வோம். ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்ய ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தை வேண்டும். நாம் அதற்குக் கீழே இறங்கி இருபது ஆண்டுக்கும் மேலாகிறது, 2020-ல் 1.4. ஆனால் 2001-ல் 6.24 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011-ல் 7.21 கோடி ஆனது. வெளியிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. முக்கியமான காரணம், முன்பு நிறையப் பிறந்த தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் இருப்பதுதான். ஆளுக்குக் குறைவாகப் பெற்றாலும் பெறுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆமைகளில் இது எதிர்த்திசையிலும் ஏமாற்றும். கரையில் நாம் எண்ணுவது முட்டையிட ஏறி வருகிற பெண் ஆமைகளின் கூடுகளை மட்டும்தான். கடலுக்குள் இளம் ஆமைகள் செத்துக்கொண்டே இருந்தாலும் கரையில் பத்து ஆண்டு எந்த மாற்றமும் தெரியாது. தெரியும்போது நடுவயதுத் தலைமுறையே காணாமல் போயிருக்கும்.

எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டால் வேறொரு சிக்கலும் சேர்கிறது. கூட்டம் சிறிதானால் ஆளுக்கு உணவு அதிகம், ஆகவே வேகமாகப் பெருகும் என்றுதான் வெர்ஹுல்ஸ்டின் சமன்பாடு சொல்லும். நடப்பில் சில உயிர்களுக்கு நேர்மாறாக ஆகிறது. துணை கிடைப்பதில்லை, கூட்டமாக எச்சரித்துக்கொள்ள முடிவதில்லை. அமெரிக்கச் சூழலியலாளர் வார்டர் க்ளைட் ஆலீ இதை விளக்கியதால் ஆலீ விளைவு என்று பெயர். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறா வேட்டையால் சிதறிய பிறகு, மிஞ்சிய சிறு கூட்டங்களாலும் மீள முடியவில்லை. கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் இறந்தது.

வரையாட்டுக்கும் இந்தக் கவலை உண்டு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருகிற அதே விலங்கு. மலையுச்சிப் புல்வெளியும் செங்குத்துப் பாறையும்தான் அதன் வீடு. ஒவ்வோர் உச்சியும் ஒரு தீவு மாதிரி. நடுவில் இருந்த புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் பைனும் நட்டு, தேயிலையும் போட்ட பிறகு, உச்சிக்கு உச்சி போகிற வழி அடைபட்டது. ஓர் உச்சியில் நோயாலோ வேட்டையாலோ கூட்டம் அழிந்தால், பக்கத்து உச்சியிலிருந்து நாலு ஆடு வந்து அந்த இடத்தை நிரப்பும். இப்படி அழிவதும் நிரம்புவதுமாகத் துண்டு துண்டாகப் பிழைக்கிற அமைப்பு அது. வழி அடைபட்டால் அழிவது மட்டும் மிஞ்சும். ஆகவே 1,303 என்பதைப் படிக்கும்போது, அது எத்தனை துண்டுகளின் கூட்டல், ஒவ்வொன்றிலும் எத்தனை, எது எதோடு தொடர்பில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாக ஆமைகள் பற்றி ஒரு விவரம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன்களின் இனப்பெருக்கத்தை நினைத்து வைத்த காலம் அது. பங்குனி ஆமைகள் கரையோரம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் மடிகளிலிருந்து அவற்றுக்கு இருக்கிற முக்கியமான பாதுகாப்பு, விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவை மடி போடக் கூடாது என்கிற விதியும், மடிக்குள் பொருத்தினால் வேலை செய்கிற அந்தக் கம்பிச் சட்டமும்தான். 2024-ல் விட்ட குஞ்சுகளில் பிழைத்தவை முதன்முதலாக முட்டையிடக் கரையேறும்போது 2030-களின் பிற்பாதி ஆகியிருக்கும். அதுவரை இந்த மணலுக்கு வரப்போவது இப்போதே வளர்ந்து கடலில் இருக்கிற ஆமைகள்தான்.